மூணாறில் யார் பாதி, யார் முழுசு?

அமெரிக்காவில் 1974இல் பிறந்த 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் விளையாட்டு, தன் ஐம்பதாவது வயதில் இரண்டு மாற்றங்களைச் செய்துகொண்டது. 2024 செப்டம்பரில் வெளியான புதிய விதிப்புத்தகத்தில், அதுவரை இருந்த 'இனம்' என்ற சொல் போய் 'உயிரினம்' என்ற சொல் வந்தது. அதே புத்தகத்தில், மனிதருக்கும் எல்ஃப், ஆர்க் என்ற கற்பனை உயிரினங்களுக்கும் பிறந்த ஹாஃப்-எல்ஃப் ('பாதி எல்ஃப்'), ஹாஃப்-ஆர்க் ('பாதி ஆர்க்') என்ற இரண்டு கலப்புப் பிறவிகளும் பட்டியலிலிருந்து காணாமல்போயின. முதல் மாற்றத்தைப் பலர் வரவேற்றார்கள். சிலர் கேலி செய்தார்கள். இரண்டாவதுதான் சண்டையானது. ஓர் ஆளைப் 'பாதி' என்று அளப்பதே இனவாதம் என்பது வடிவமைப்பாளர் தரப்பின் வாதம். சொல் தவறென்றால் சொல்லை மாற்ற வேண்டியதுதானே, அந்த ஆளையே எதற்கு நீக்குகிறீர்கள் என்பது கலப்புக் குடும்பங்களில் பிறந்த ஆட்டக்காரர்கள் பலரின் கேள்வி.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டும் பொழுதுபோக்குக்கு இவ்வளவு சச்சரவா என்று தோன்றலாம். கேரளத்தின் மூணாறு மலையில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிக்கும் தமிழ்க் குடும்பங்களை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் அப்படித் தோன்றாது. பிறப்பை ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளை வைத்து ஒருவர் எதுவரை போகலாம் என்று முடிவுசெய்யும் விதிப்புத்தகம் அங்கே தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது. சொல்லைத் திருத்துவதோடு நிற்கும் சீர்திருத்தமும் சரி, சங்கடம் தரும் ஆளைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடும் சீர்திருத்தமும் சரி, விதியைத் தொடுவதில்லை. தொட வேண்டியது விதியைத்தான்.

பகடைக்கு முன்பே முடிவான ஆட்டம்

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் உருவாக்கியது இந்த விளையாட்டு. நான்கைந்து பேர் கூடுவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் போவார்கள். என்ன நடக்கும் என்பதைப் பகடை சொல்லும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள் உண்டு. பலம், அறிவு, வசீகரம் என்று ஒவ்வொன்றுக்கும் அதில் எண் இருக்கும். மேசையில் ஆடாத நம் ஊர் இளைஞர்களுக்குக்கூட, இதே விதிகளில் இயங்கும் 'பால்டர்ஸ் கேட் 3' என்ற கணினி விளையாட்டு வழியாக 2023 முதல் இது பரிச்சயம்.

தாளில் ஏறும் எண்கள், வெகு காலம், பாத்திரத்தின் பிறப்பைப் பொறுத்தே அமைந்தன. 1978இல் வந்த விதிப்புத்தகத்தைப் புரட்டினால் இது கண்ணில் அறையும். ஹாஃப்-ஆர்க் என்றால் பலம் ஒரு புள்ளி கூடும். வசீகரம் இரண்டு புள்ளி குறையும். மனிதப் பாத்திரம் எந்தத் தொழிலிலும் எந்தப் படிவரைக்கும் உயரலாம். ஹாஃப்-ஆர்க் போர்வீரனாகப் பத்தாம் படியோடு நின்றுவிட வேண்டும். பூசாரியாக நான்காம் படியோடு சரி. ஒரே ஒரு தொழிலில் மட்டும் அவனுக்கு உச்சவரம்பு கிடையாது: கூலிக்குக் கொலை செய்யும் தொழில். எந்த இனம் எந்த இனத்தை விரும்பும், சகிக்கும், வெறுக்கும் என்று சொல்லும் ஓர் அட்டவணையும் அந்தப் புத்தகத்தில் இருந்தது.

இந்த உலகத்துக்கு ஆர்க்குகள் ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் கதைகளிலிருந்து வந்தவர்கள். அவர் 1958இல் எழுதிய ஒரு கடிதத்தில், ஆர்க்குகளின் முகத்தை மங்கோலிய முகச்சாயலின் கொச்சையான வடிவமாக வர்ணித்திருக்கிறார். கற்பனை உயிரினத்துக்கும் முகம் எங்கிருந்தோ வரத்தானே வேண்டும்! இதே விளையாட்டின் கதைகளில் வரும் 'விஸ்தானி' என்ற நாடோடிக் கூட்டம், ஐரோப்பாவின் ரோமா மக்களைப் பற்றிய பழைய அவதூறுகளைக் கொண்டு வரையப்பட்டது. வடமேற்கு இந்தியாவிலிருந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு புறப்பட்டுப்போனவர்களின் வழிவந்தவர்கள் ரோமா மக்கள். அந்த வகையில், இந்தக் கற்பனை உலகத்தின் அவமதிப்புப் பட்டியலில் நமக்கும் தூரத்து உறவு உண்டு.

படி வரம்பு 2000இல் நீங்கியது. ஆனால் அதே ஆண்டு வந்த பதிப்பில் ஹாஃப்-ஆர்க்குக்கு அறிவிலும் வசீகரத்திலும் இரண்டிரண்டு புள்ளி வெட்டு இருந்தது. 2020இல் அமெரிக்கத் தெருக்களில் கறுப்பின மக்களின் போராட்டம் வெடித்தபோது, விளையாட்டை வெளியிடும் நிறுவனம் தன் பழைய சித்தரிப்புகளைத் திருத்துவதாக அறிவித்தது. விஸ்தானி பகுதிகள் திருத்தப்பட்டன. பிறப்போடு வரும் புள்ளிகளை ஆட்டக்காரரே மாற்றி வைத்துக்கொள்ள அதே ஆண்டு நவம்பரில் வழி பிறந்தது. 2024 பதிப்பில் அந்தப் புள்ளிகள் பிறப்பை விட்டே விலகின. விவசாயி, படைவீரர், மாலுமி என்று பாத்திரம் முன்பு என்ன வேலை பார்த்தது என்பதோடு சேர்ந்தன.

இதற்குப் போட்டியாக இருக்கும் 'பாத்ஃபைண்டர்' என்ற விளையாட்டு வேறு வழியில் போனது. 2019லேயே 'இனம்' என்ற சொல்லை விட்டு 'மூதாதை' என்ற சொல்லுக்கு வந்துவிட்டது. 2023இல் கலப்புப் பிறவிகளுக்குப் 'பாதி' என்ற ஒட்டு இல்லாத தனிப் பெயர்களைக் கொடுத்தது. ஆட்களை நீக்கவில்லை. இரண்டு மூதாதையர் வழியும் ஒரே தாளில் இடம்பெறலாம் என்று விதியை எழுதிவைத்தது. ஒரே சங்கடத்துக்கு இரண்டு நிறுவனங்கள் கண்ட இரண்டு தீர்வுகள் இவை. இவற்றில் எது நியாயம் என்பது நம் ஊருக்கும் உரிய கேள்வி.

நம்மிடம் இருந்த அட்டவணைகள்

இப்படிப்பட்ட அட்டவணைகளை அமெரிக்கர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயத்தின் முற்பகுதி கலப்புப் பிறவிகளின் பட்டியல்தான். எந்த வருணத்து ஆணுக்கும் எந்த வருணத்துப் பெண்ணுக்கும் பிறந்தால் குழந்தைக்கு என்ன பெயர், என்ன தொழில் என்று வரிசையாகச் சொல்கிறது அது. சூத்திரத் தந்தைக்கும் பிராமணத் தாய்க்கும் பிறந்தவர் சண்டாளர். ஊருக்கு வெளியேதான் வாழ வேண்டும். சத்திரியத் தந்தைக்கும் பிராமணத் தாய்க்கும் பிறந்தவர் சூதர். தேரும் குதிரையும் அவர் தொழில். அரங்கேற்ற மேடையில் வில்லோடு நின்ற கர்ணனைத் 'தேரோட்டி மகன்' என்று சொல்லி வாயடைத்தது இந்த அட்டவணைதான். அவன் கையில் இருந்த திறமையை யாரும் மறுக்கவில்லை. தாளில் இருந்த பிறப்பைத்தான் கேட்டார்கள்.

வெள்ளையர் வந்தபோது அட்டவணைக்கு அளவுகோலும் சேர்ந்தது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்தையும் நீளத்தையும் அளந்து சாதியின் உயர்வு தாழ்வைச் சொல்லிவிடலாம் என்று நம்பினார். ஆரிய–திராவிடர், மங்கோலிய–திராவிடர், சித்திய–திராவிடர் என்று இந்தியாவையே கலப்பினப் பெட்டிகளாகப் பிரித்தார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், அதே அளவுகோலோடு தென்னிந்தியாவைச் சுற்றிவந்தார். ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் ஆனைமலைக் காடர்களும் முதுவர்களும் தலை அளவு, மூக்கு அளவு, குணம் சகிதம் பதிவாகியிருக்கிறார்கள். ஒரு மக்கள் கூட்டத்துக்கு ஒரு குணம் என்று எழுதிவைக்கும் பழக்கம், பகடை விளையாட்டுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்த மலையடிவாரத்தில் அரசாங்க வேலையாக நடந்திருக்கிறது.

அதன் விலை பெருங்காமநல்லூரில் தெரிந்தது. 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பழங்குடிகள் சட்டம், 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சில சமூகங்களில் பிறந்தாலே குற்றப் பரம்பரை. கைரேகை பதிய வேண்டும். இரவில் காவல்துறையின் கண்ணெதிரே இருக்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்தில் உள்ள பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, கைரேகை வைக்க மறுத்த பிறமலைக் கள்ளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 16 பேர் செத்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருவர். ஹாஃப்-ஆர்க்குக்குக் கொலைத் தொழிலில் மட்டும் வரம்பில்லை என்று எழுதிய புத்தகத்தை அமெரிக்கச் சிறுவர்கள் வாங்கி ஆடினார்கள். அதே நினைப்பை நம் ஊரில் சட்டமாகவே எழுதினார்கள். சென்னை மாகாணத்தில் அது ஒழிய 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வேலைக்கு வேண்டும், பங்குக்கு வேண்டாம்

மகாபாரதத்தில் கலப்புப் பிள்ளைகள் இருவர் உண்டு. பீமனுக்கும் அரக்கி இடும்பிக்கும் பிறந்த கடோத்கசன். அர்ச்சுனனுக்கும் நாகர்குலத்து உலூபிக்கும் பிறந்த அரவான். இருவரையும் பாண்டவர் தரப்பு போருக்கு அழைத்தது. இருவரும் அந்தத் தரப்புக்காகவே செத்தார்கள். கர்ணனின் சக்தி ஆயுதத்தைச் செலவழிக்க வைக்கக் கடோத்கசன் தேவைப்பட்டான். தமிழ்நாட்டுக் கதை மரபில், வெற்றிக்கான களப்பலியாக அரவான் தேவைப்பட்டான். அத்தினாபுரத்துச் சிம்மாசனம் பற்றிய பேச்சில் இருவர் பெயரும் எழவில்லை. கலப்புப் பிறவியை இழிவாக நினைத்த சமூகங்கள்கூட அவரைப் பயன்படுத்தத் தயங்கியதில்லை. களத்தில் கூப்பிடுவார்கள், பாகம் பிரிக்கும்போது மறந்துவிடுவார்கள்.

தேயிலை மலைகளின் வரலாறும் இதுதான். வங்காளத்திலும் அசாமிலும் தேயிலைத் துரைகளுக்கும் தோட்டத் தொழிலாளர் பெண்களுக்கும் பிறந்த குழந்தைகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, ஜான் ஆண்டர்சன் கிரகாம் என்ற ஸ்காட்லாந்து பாதிரியார் 1900இல் கலிம்போங்கில் ஓர் இல்லம் தொடங்கினார். தாய்மாரிடமிருந்து பிரித்து வளர்க்கப்பட்ட அந்தப் பிள்ளைகளில் ஏறக்குறைய 130 பேர், 1908 முதல் 1938 வரை நியூசிலாந்துக்குக் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். பிள்ளையைக் கண்ணில் படாத தூரத்துக்கு அனுப்பிவிட்டால் துரையின் குடும்பப் பட்டியல் சுத்தமாகிவிடும் அல்லவா?

சுதந்திர இந்தியாவின் அரசமைப்புச் சட்டமும் கலப்பு வம்சத்தை வரையறுத்தது. 366ஆம் கூறின்படி, தந்தை வழியில் ஐரோப்பியர் இருந்தால்தான் ஒருவர் ஆங்கிலோ-இந்தியர். தாய் வழி அங்கே கணக்கில் இல்லை. அந்தச் சமூகத்துக்காக நாடாளுமன்றத்தில் இருந்த நியமன இடங்களும் 104ஆவது திருத்தத்தால் 2020இல் முடிவுக்கு வந்தன. முதலில் வம்சத்தைப் பாதி வழியாக மட்டும் எண்ணினார்கள். பிறகு அந்த இடங்களையே எடுத்துவிட்டார்கள்.

மதுரையிலிருந்து வந்தவர்களின் மலை

மூணாறில் 'வந்தேறி' என்ற சொல்லை யார் யாரைப் பார்த்துச் சொல்வது என்று விசாரித்தால் தலை சுற்றும். இந்த மலையின் ஆதிக்குடிகளான முதுவர்கள், தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்றே வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். அவர்கள் பேச்சு தமிழோடும் மலையாளத்தோடும் ஒட்டி உறவாடுவது. மலைக்குச் சொந்தக்காரர்களாக இருந்த பூஞ்ஞாறு அரச குடும்பமும் பாண்டிய வம்சத்திலிருந்து கிளைத்ததாகத்தான் தன் வரலாற்றைச் சொல்கிறது. அந்த அரசரிடமிருந்து 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். பிறகு காடு அழிந்தது, தேயிலை வந்தது. கங்காணிகள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள்.

அரசர் சொன்னால் பாண்டிய வம்சம் என்பது பெருமை. கூலியாள் மலையிறங்கிக் கொச்சிக்கோ கோட்டயத்துக்கோ போனால், அவரைப் 'பாண்டி' என்று அழைப்பது வசை. பூர்வீகம் இருவருக்கும் ஒன்றுதான். ஒருவரிடம் நிலம் இருந்தது, மற்றவரிடம் இல்லை. மானிடவியலாளர் ஜெயசீலன் ராஜ், கேரளத் தேயிலைத் தோட்டங்களின் தமிழ் தலித் மக்களைப் பற்றி 2022இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகக் காட்டுகிறார். தேயிலை விலை சரிந்து வெளிவேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சாதியும் மொழியும் தோட்டக்கூலி என்ற பின்னணியும் ஒன்றோடொன்று பிணைந்த ஒரே முத்திரையாக ஒட்டிக்கொள்கின்றன. கேரளத்தில் தமிழர், தமிழ்நாட்டில் 'எஸ்டேட்டுக்காரங்க'. கயத்தாற்றிலோ சங்கரன்கோவிலிலோ திருவிழாவுக்கு வரும்போது, பேச்சில் கலந்திருக்கும் மலையாளத்தைச் சொல்லிச் சிரிப்பது நம்மவர்கள்தான். திரும்பிய பக்கமெல்லாம் இவர்கள் பாதிதான்.

1950களில், மூணாறு அடங்கிய தேவிகுளம் தாலுகாவையும் பீர்மேடு தாலுகாவையும் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. அங்கே தமிழர் பெரும்பான்மை இருப்பது தோட்ட வேலைக்கு வந்தவர்களால்தான் என்ற வாதம் மாநிலச் சீரமைப்பு ஆணையத்திடம் எடுபட்டது. 1956 நவம்பர் 1 முதல் இரண்டு தாலுகாக்களும் கேரளத்தின் பகுதி. எல்லையை எங்கே போட்டிருக்க வேண்டும் என்ற பழைய வழக்கை இங்கே கிளறத் தேவையில்லை. ஆனால் அந்த வாதத்தின் உள்ளே இருந்த நினைப்பைக் கவனிக்க வேண்டும். வேலைக்கு வந்தவரை ஊர்க்காரராக எண்ணக் கூடாது என்பதே அது. எல்லை முடிவான பிறகும் அந்த நினைப்பு மலையை விட்டு இறங்கவில்லை.

2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டுப் பெண் தொழிலாளர்கள் மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டு, தாங்களாகவே நடத்திய போராட்டம் அது. 'பெம்பிளை ஒருமை' என்று அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர், தமிழா மலையாளமா என்று பிரிக்க முடியாத மலைப்பேச்சு. ஒன்பது நாளில் 20 சதவீதத்தைப் பெற்றார்கள். இரண்டு மொழியும் கலந்த வாய் ஒன்றும் பாதி வாயாக இருக்கவில்லை.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்ட் 6 இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளை மூடியது. காணாமல்போன நால்வரையும் சேர்த்து 70 பேர் போனார்கள். அவர்களில் பலரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. மறுநாள் கரிப்பூர் விமான நிலையத்தில் விபத்து. அங்கே இறந்தவர்களின் குடும்பங்களுக்குக் கேரள அரசு அறிவித்தது 10 லட்சம் ரூபாய். பெட்டிமுடிக்கு 5 லட்சம். விபத்தின் தன்மை வேறு, சட்டப் பொறுப்பு வேறு என்று எவ்வளவு விளக்கம் சொன்னாலும், மண்ணில் புதைந்தவர்களின் உறவினர் காதில் அது பாதிக் கணக்காகத்தான் விழுந்தது.

1950 என்ற கோடு

சொல்லால் வரும் அவமானத்தைவிட ஆழமானது சான்றிதழால் வருவது. பட்டியல் சாதிகளின் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் அடிப்படையில் அது இயங்குகிறது. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் வேறொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கே அந்தத் தகுதியைக் கோர முடியாது என்று 1990இல் மாரி சந்திரசேகர் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018இல் அரசமைப்பு அமர்வும் இதை உறுதிசெய்தது. அதனால்தான், தேவிகுளத்திலோ பீர்மேட்டிலோ பிறந்து வளர்ந்த பிள்ளை சாதிச் சான்றிதழ் கேட்டால், உன் குடும்பம் 1950க்கு முன்பே இங்கே இருந்ததா என்ற கேள்வி வருகிறது. ஆதாரம் எங்கே இருக்கும்? லயத்து வீட்டுக்குப் பட்டா கிடையாது. நிலம் கம்பெனியுடையது. தாத்தாவின் பெயர் எங்காவது இருந்தால் அது தோட்டத்து மஸ்டர் ஏடு என்ற வருகைப் பதிவேட்டில் இருக்க வேண்டும், அல்லது தேவாலயப் பதிவேட்டில்.

தேவாலயப் பதிவேட்டைக் காட்டினாலும் சிக்கல்தான். பழைய குடியிருப்பை நிரூபிக்கக்கூடிய அந்த ஏடு, மதம் மாறியவர் என்பதற்குச் சாட்சியாகி, பட்டியல் சாதித் தகுதியையே பறித்துவிடலாம். இது வெறும் யூகமில்லை. 2021 தேர்தலில் தேவிகுளம் தனித் தொகுதியில் வென்ற மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ.ராஜா, தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். அவர் அந்தத் தொகுதியில் நிற்கத் தகுதியற்றவர் என்று கூறி 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தேர்தலைச் செல்லாது என்றது. தேவாலயப் பதிவேடுகள் நீதிமன்றத்தில் அலசப்பட்டன. மூதாதையர் எப்போது மலையேறினார்கள் என்பதும் வழக்கின் பொருளானது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்து அவர் வெற்றியை நிலைநிறுத்தியது. சட்டமன்ற உறுப்பினர் ஒருவருக்கே தன் பிறப்பை நிரூபிக்க உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது என்றால், பிளஸ் டூ முடித்துவிட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை எந்த நீதிமன்றத்துக்குப் போகும்?

மாநிலப் பட்டியலுக்கு ஒரு நியாயம் உண்டு என்பதை மறுக்க முடியாது. தீண்டாமை ஊருக்கு ஊர் வேறு முகம் காட்டுவது. ஒரு மாநிலத்தில் ஒடுக்கப்பட்டவர் வேறு மாநிலத்தில் அப்படி இல்லாமல் இருக்கலாம். வெளியிலிருந்து வருபவர், உள்ளூரில் காலங்காலமாக நசுக்கப்பட்டவரின் இடத்தைப் பறித்துவிடக் கூடாது. கேரளத்துப் பட்டியல் சாதி அமைப்புகளின் இந்தக் கவலை நியாயமானது. ஆனால் மூணாறு லயத்தில் பிறந்தவர் எங்கிருந்தும் வந்தவரில்லை. அவர் பட்ட ஒடுக்குமுறை கேரள மண்ணில், கேரளத் தேயிலைக்காக, கேரள அரசின் கண்முன்னே பட்டது.

உச்ச நீதிமன்றமே இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. பழங்குடித் தாய்க்கும் பிற சாதித் தந்தைக்கும் பிறந்த பிள்ளையின் சாதி எது என்ற கேள்வி, 2012இல் குஜராத்தைச் சேர்ந்த ரமேஷ்பாய் நாயக்கா வழக்கில் வந்தது. தந்தையின் சாதியே பிள்ளையின் சாதி என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடக் கூடாது என்றது நீதிமன்றம். அந்தப் பிள்ளை எப்படி வளர்ந்தது, எந்தச் சமூகம் அதைத் தன் பிள்ளையாக ஏற்றது, என்னென்ன இழிவுகளைப் பட்டது என்பதை விசாரித்துத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்றது. கலப்புப் பிறப்பைப் பற்றி நம் சட்டம் பேசிய மிகச் சிறந்த வாக்கியங்களில் ஒன்று அந்தத் தீர்ப்பில் இருக்கிறது என்று சொல்வேன். வம்சத்தைக் கேட்டதோடு நிற்காமல், வாழ்க்கையைக் கேட்ட தீர்ப்பு அது. இரண்டு சாதிக்கு இடையே பிறந்த பிள்ளையிடம் கேட்கும் இந்தக் கேள்வியை, இரண்டு மாநிலத்துக்கு இடையே பிறந்த பிள்ளையிடமும் ஏன் கேட்கக் கூடாது?

தொழிலும் பிறப்பும்

அமெரிக்க விளையாட்டு 2024இல் செய்த திருத்தத்தில் இன்னொரு பாடமும் ஒளிந்திருக்கிறது. திறமைப் புள்ளிகளைப் பிறப்பிலிருந்து பிரித்துத் தொழிலோடு சேர்த்ததை அங்கே விடுதலையாகப் பார்த்தார்கள். யாராகப் பிறந்தாய் என்பதைவிட, என்ன செய்தாய் என்பது மேல் அல்லவா? ஆனால் அந்தத் திருத்தம் இந்த மலைக்கு வந்தால் எதையும் மாற்றாது. இங்கே தொழிலே பிறப்போடு வருவது. வேலையில் இருக்கும்வரைதான் லயத்தில் வீடு. ஓய்வு பெறும்போது குடும்பத்தில் ஒருவர் தோட்டத்தில் பெயர் பதிந்தால் கூரை தங்கும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். எத்தனையோ பிள்ளைகள் படிப்பை விட்டுக் கொழுந்துக் கூடை தூக்கியதற்கு இந்த ஒரு விதி காரணம். இனம் என்பதை உயிரினம் என்று மாற்றினாலும், சாதி என்பதைப் பின்னணி என்று மாற்றினாலும், அப்பா நின்ற படியில்தான் பிள்ளையும் நிற்க வேண்டும் என்ற விதி நீடிக்கும்வரை, பெயர்ப்பலகைதான் புதிது.

இதனால் சொற்கள் முக்கியமில்லை என்று ஆகிவிடாது. பாண்டி என்ற கேலி மலையாளத் திரைப்படத்திலும் கல்லூரி வளாகத்திலும் ஒழிய வேண்டும். 'மலையாளத்தான்' என்று சொல்லி நம் மேடைகளில் கைதட்டல் வாங்குவதும் ஒழிய வேண்டும். இலங்கை மலையகத்து மக்களைத் 'தோட்டக்காட்டான்' என்று அழைத்தவர்களும் தமிழர்களே என்பதை மறந்துவிட்டு, மற்றவர் வாயை மட்டும் திருத்த முடியாது. அந்த மக்களை 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்குபோட்டது. 1,50,000 பேரின் கதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தது. அப்படி வந்தவர்களில் சிலர் கேரளத்தின் கவி வனப்பகுதியிலும் குடியமர்த்தப்பட்டார்கள். வசைச் சொல் தயாராக இருக்கும் இடத்தில்தான் இப்படி ஆளைத் தலைக்கணக்காக வகுக்கத் துணிவு வருகிறது. சொல்லும் விதியும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிப்பவை. ஒன்றை மட்டும் இடித்தால் மற்றது நிற்கும்.

செய்யக்கூடியவை

முதலாவது, சான்றிதழ். 1950க்கு முந்தைய குடியிருப்பை நிரூபிக்கும் சுமையை லயத்துக் குடும்பத்தின் தலையில் வைப்பது அநீதி. தோட்டக் கம்பெனிகளின் பழைய மஸ்டர் ஏடுகள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், தொழிலாளர் துறையின் ஆவணங்கள் எல்லாவற்றையும் கேரள அரசே திரட்டி, குடும்பவாரியாகப் பதிந்து, தாலுகா அலுவலகத்தில் வைக்கலாம். ஏடு இல்லாத குடும்பங்களுக்கு 2012 தீர்ப்பு காட்டிய வழியில் நேரடி விசாரணை நடத்தலாம். தேயிலைத் தோட்டங்களில் பிறந்த தலைமுறைகளைக் 'குடிபெயர்ந்தோர்' என்ற வகையிலிருந்து விலக்கி, 341ஆம் கூறின்கீழ் நாடாளுமன்றம் பட்டியலைத் திருத்துவதே நிரந்தரத் தீர்வு.

இரண்டாவது, வீடு. தலைமுறைகள் உழைத்த மண்ணில் வேலையோடு கட்டப்படாத ஒரு வீட்டு மனை கிடைத்தால், அந்தக் கணமே அடுத்த தலைமுறைக்குப் படிக்கட்டு திறக்கும். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகக் கண்ணன் தேவன் மலைகளில் அரசு மீட்டெடுத்த நிலம் இருக்கிறது. தொழிலாளருக்கு அதில் பங்கு வேண்டும் என்ற கோரிக்கையும் அதே அளவு பழையது.

மூன்றாவது, பள்ளி. தமிழ் வழியில் படித்தால் கேரளத்தில் வேலை இல்லை, மலையாள வழியில் படித்தால் வீட்டுப் பேச்சு விட்டுப்போகும் என்ற இருமுனைக் கத்தியைப் பிள்ளையின் கழுத்தில் வைக்கக் கூடாது. இரண்டு மொழியையும் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை, இரண்டு மாநிலத்துக்கும் சொத்து. அதற்கான ஆசிரியர்களும் பாடத்திட்டமும் மலைத் தாலுகாக்களில் வேண்டும்.

நான்காவது, தமிழ்நாட்டின் பங்கு. தென் மாவட்டக் கிராமங்களின் பழைய வருவாய்ப் பதிவேடுகள் நம்மிடம் இருக்கின்றன. மூணாறு குடும்பம் ஒன்று சொந்த ஊர் ஆவணத்துக்காக நம் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வந்தால், 'நீங்க கேரளா, அங்க போய்க் கேளுங்க' என்று திருப்பி அனுப்பாமல் இருக்க ஓர் அரசாணை போதும். முல்லைப் பெரியாறு அணை இருப்பதும் மூணாறு இருக்கும் அதே இடுக்கி மாவட்டத்தின் பீர்மேடு தாலுகாவில்தான். அந்த அணையின் நீர்மட்டத்துக்காக இரண்டு மாநில அதிகாரிகளும் ஆண்டுதோறும் ஒரே மேசையில் உட்கார்ந்து அடிக்கணக்கில் பேசுகிறார்கள். தண்ணீர் யாருடையது என்று அத்தனை நுணுக்கமாகக் கணக்குப் பார்க்கத் தெரிந்த இரண்டு அரசுகளும், அதே மலையில் வாழும் மனிதர்கள் தங்கள் இருவருக்கும் உரியவர்கள் என்று ஒரு தாளில் கையெழுத்திட முடியாதா?